மிளகாக்குப் போடுற ஏ பாஜாவும் பி பாஜாவும் (ரெண்டு பையா வர்ற உரம்) ஒரே தொங்ல (பெரிய பீப்பா) கலக்கினேன், அடியில வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருச்சு, எவ்வளவு கலக்குனாலும் கரைய மாட்டேங்குது

சிப்புட்_மிளகா:

வணக்கம் எல்லாருக்கும். நான் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்த ஒட்டுன கம்பத்துல இருக்கேன். வீட்டுக்குப் பின்னாடி 300 போலிபேக்ல மிளகா போட்டிருக்கோம், மண்ணுக்குப் பதிலா கோகோபீட்தான் (தேங்கா நார்த்தூள்), டிரிப்பர் குத்தி ஃபெர்ட்டிகேஷன், அதாவது பாஜா கரைச்ச தண்ணி பைப்புல வந்து சொட்டு சொட்டா செடிக்கு விழும். அப்பா செம்பனைத் தோட்டத்துல வேலை முடிச்சு வீட்டோட இருக்காரு, அவரும் நானும்தான் பாத்துக்கிறோம். செடி நல்லா வந்துச்சு, பூவும் வச்சிருச்சு.

எப்பவும் ஏ பாஜா ஒரு தொங், பி பாஜா ஒரு தொங்னு 100 லிட்டர் தண்ணில தனித்தனியா கரைச்சு வச்சுக்குவேன். அதுல இருந்து அளந்து பெரிய டேங்கில ஊத்தி ஈசி மீட்டர (பாஜாத் தண்ணி எவ்வளவு கெட்டின்னு பாக்குற மீட்டர்) விட்டுப் பாத்து 2.0 வந்தா நிறுத்திடுவேன். போன வாரம் பி தொங்ல அடியில ஓட்டை விழுந்துருச்சு. எப்படியும் கடைசில ரெண்டும் ஒரே டேங்கிக்குத்தானே போகுது, இப்பவே ஒண்ணா போட்டா என்னன்னு நெனச்சு ஏ தொங்லயே பி பாஜாத்தூளையும் கொட்டிட்டேன்.

கொட்டுறதுக்கு முன்னாடி அந்த ஏ தண்ணி லேசான தே ஓ (பால் ஊத்தாத தேத்தண்ணி) கலருல அடி வரைக்கும் தெளிவா தெரிஞ்சுச்சு. பி விழ விழ அப்படியே பார்லி தண்ணி மாதிரி ஆயிருச்சு. ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா அடியில மூணு விரல் உயரத்துக்கு வெள்ளையா கெடக்கு. கைய விட்டு அள்ளிப் பாத்தேன், நனைஞ்ச சுண்ணாம்பு மாதிரி வழவழன்னு இருக்கு, ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சுத் தேச்சா நறநறங்குது. கட்டைய வச்சு அரை மணி நேரம் கலக்கினேன், கேத்தல்ல தண்ணி கொதிக்க வச்சு ரெண்டு தடவ ஊத்தினேன், ஒண்ணும் ஆகல. மேல தெளிஞ்ச தண்ணிய மட்டும் எடுத்து விட்டேன், ஆனா அதோட கொஞ்சம் மாவும் போயிருக்கணும், கடைசி ரெண்டு வரிசையில டிரிப்பர் எல்லாம் அடைச்சுக்கிட்டு மத்தியானம் செடி தலைய தொங்கப் போட்டுருச்சு. அப்பா ஒவ்வொண்ணுக்கா மக்குல தண்ணி மொண்டு ஊத்திக்கிட்டு இருந்தாரு, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

கடைக்காரர் போலி பாஜா குடுத்துட்டாரோன்னு சந்தேகம். ஏன்னா முன்னாடி தனியா போட்டப்ப ரெண்டுமே நல்லாதான் கரைஞ்சுச்சு. சண்டை போடப் போறதுக்கு முன்னாடி தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கலாம்னு எழுதுறேன்.

கோலகங்சார்_தோட்டக்காரன்:

தம்பி கடைக்குப் போகாதீங்க. பாஜா நல்ல பாஜாதான். ஏயும் பியும் கெட்டியா இருக்கும்போது சேரவே கூடாது, அதுக்குத்தான் ரெண்டு பையா பிரிச்சு விக்கிறாங்க. எனக்கும் மொத வருஷம் இதேதான் ஆச்சு, 500 டிரிப்பர கழட்டி ஊசி போட்டுக் குத்தி எடுத்தேன். உடனே பைப்ப நல்ல தண்ணி விட்டு அலசுங்க, லைன் கடைசி மூடியைத் திறந்து விட்டு அலசணும், இல்லன்னா உள்ள இருக்குறது இன்னும் நல்லா இருக்கிற டிரிப்பருக்கும் போயிரும்.

தண்ணிக்கடை_அக்கா:

நான் பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) தே ஓ ஐஸ், பண்டோங், சிராப் எல்லாம் விக்கிறேன். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், சீனிய ஐஸ் தண்ணில போட்டா அடியில உக்காந்துக்கும், சுடுதண்ணில கரைச்சு அப்புறம் ஐஸ் போட்டா அப்படியே இருக்கும். தம்பி கேத்தல் தண்ணி ரெண்டு தடவதான் ஊத்தியிருக்கீங்க, தொங் பூரா சுடுதண்ணியா இருந்தா கரைஞ்சிராதா? தெரிஞ்சுக்கலாம்னுதான் கேக்குறேன்.

கெமிஸ்ட்ரி_டீச்சர்_ஈப்போ:

அக்கா கேட்டது நல்ல கேள்வி, அதுல இருந்தே தொடங்குறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க. படிவம் நாலு பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் இதத்தான் சொல்லிக் குடுக்கிறேன், ஆனா இவ்வளவு நல்ல உதாரணம் இதுவரைக்கும் எனக்குக் கெடச்சதில்ல.

சூடு ஏத்துனா எல்லாமே கூடுதலா கரையும்னு சொல்ல முடியாது, பொருளுக்குப் பொருள் மாறும். சீனி 20 டிகிரில 100 கிராம் தண்ணிக்கு 200 கிராம் போல கரையும், கொதிக்கிற தண்ணில 480க்கு மேல போகும், அதனால அக்கா செய்யுறது ரொம்ப சரி. தம்பியோட பி பாஜாவுல இருக்கிற பொட்டாசியம் நைட்ரேட் சூட்டுக்கு அதவிட ஜாஸ்தி மாறும், 20 டிகிரில 32 கிராம், 60 டிகிரில 110 கிராம். ஆனா சமையல் உப்பு எடுத்துக்குங்க, 0 டிகிரில 36 கிராம், கொதிக்க வச்சாலும் 39தான், சூட்டுக்கு அசைஞ்சே குடுக்காது. தம்பி தொங்ல படிஞ்சது பெரும்பாலும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். சாக்பீஸும் வீட்டுக்கு சீலிங் போடுற போர்டும் செய்யுறது அதுலதான். அது 40 டிகிரி வரைக்கும் ரொம்பக் கொஞ்சமா கூடும், அதுக்கு மேல சூடு ஏற ஏற கரையுறது கொறையும். அதனால எத்தன கேத்தல் ஊத்துனாலும் பிரயோஜனம் இல்ல.

சரி, தம்பி ஜிப்சம் வாங்கவே இல்லையே, அது எங்க இருந்து வந்துச்சு? ஏ பையில முக்கியமா கால்சியம் நைட்ரேட் இருக்கும், கூட இரும்புச் சத்து, அந்த தே ஓ கலரு இரும்போடது. பி பையில பொட்டாசியம் நைட்ரேட், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், மெக்னீசியம் சல்பேட், இன்னும் சில்லறையா நாலஞ்சு சத்து. ஒவ்வொண்ணும் தனியா தண்ணில நல்லா கரையும். ஆனா கரைஞ்ச பிறகு "கால்சியம் நைட்ரேட்"னு ஒரு பொருள் அங்க கிடையாது. கால்சியம் தனியா சுத்துது, நைட்ரேட் தனியா சுத்துது, ஒவ்வொண்ணையும் தண்ணி சூழ்ந்துக்கிட்டு இருக்கு. பி விழுந்ததும் சல்பேட்டும் பாஸ்பேட்டும் அதே மாதிரி தனித்தனியா உள்ள வந்துருச்சு. நைட்ரேட் யார் கூட இருந்தாலும் கரைஞ்சே இருக்கும். கால்சியமும் சல்பேட்டும் அப்படி இல்ல, ரெண்டும் கிட்ட வந்தா தண்ணிய விட்டுட்டு ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கும். கால்சியமும் பாஸ்பேட்டும் அதுக்கும் மேல.

அப்ப பெரிய டேங்கில மட்டும் ஏன் படியலன்னு கேப்பீங்க, இதுதான் விஷயமே. நிறைய பேர் வச்சுக்கிற, ஆலன் கூப்பர்ங்கிறவர் போட்ட உரக் கணக்குப்படி செடிக்குப் போற 1000 லிட்டர் தண்ணில கால்சியம் நைட்ரேட் 1003 கிராம், மெக்னீசியம் சல்பேட் 513 கிராம். அந்த சல்பேட் முழுசும் கால்சியத்தோட சேந்தாக்கூட லிட்டருக்கு 0.36 கிராம் ஜிப்சம்தான் ஆகும். ஒரு லிட்டர் தண்ணி சுமார் 2.4 கிராம் ஜிப்சத்தக் கரைச்சு வச்சுக்கும், அதனால ஒண்ணும் படியாது. ஆனா தொங்ல இருக்கிறது அதவிட 100 மடங்கு கெட்டி. அங்க லிட்டருக்கு 36 கிராம் ஆகுது, தண்ணி தாங்குறது 2.4. மிச்சம் எங்க போகும், அடியிலதான். 100 லிட்டர் தொங்னா மூணு கிலோவுக்கு மேல ஜிப்சம் மட்டுமே வரும், மூணு விரல் உயரம்னு நீங்க சொன்னது சரியா ஒத்துப்போகுது.

உறுதியா தெரிஞ்சுக்கணும்னா அந்த வெள்ளைய ஒரு ஸ்பூன் கிளாஸ்ல போட்டு கடை வினிகர் ஊத்திப் பாருங்க. நொரைச்சா சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். நொரைக்காம மெதுவா கரைஞ்சா பாஸ்பேட். அப்படியே உக்காந்திருந்தா ஜிப்சம்.

பழைய_பால்ஸ்டோர்:

நான் முப்பது வருஷம் தோட்டத்துல இருந்தவன், அதுல பாதி பால் ஸ்டோர்ல, அதாவது ரப்பர் பால் சேக்குற எடத்துல. டீச்சர் சொன்னது படிச்சேன், நல்லா இருந்துச்சு. தம்பிக்கு நான் ஒண்ணு சொல்றேன், உங்க அப்பாகிட்ட கேட்டாலும் தெரியும்.

ரப்பர் பால் மரத்துல கட்டுன மங்குல (கிண்ணம்) விழும்போது பாத்தா தண்ணில கரைஞ்ச மாதிரிதான் இருக்கும். கரைஞ்சது இல்ல அது. ரப்பர் கண்ணுக்குத் தெரியாத பொட்டு பொட்டா தண்ணில மெதந்துக்கிட்டு இருக்கு, நூத்துக்கு முப்பது நாப்பது பங்கு அதுதான். ஒரு பொட்டு இன்னொரு பொட்டத் தள்ளிக்கிட்டே இருக்கும், அதுல இருக்கிற மின்சாரம் அப்படி, அதனாலதான் ஒட்டாம இருக்கு. அமோனியா விட்டா அந்தத் தள்ளல் போகாம அப்படியே இருக்கும், லாரில போட்டு தூரத்துக்கு அனுப்பலாம். ஃபார்மிக் ஆசிட் விட்டா தள்ளல் போயிரும், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி தொட்டில வெள்ளையா தோசை மாவு மாதிரி இறுகி அப்புறம் பலகையா எடுக்கலாம். இறுகினத நீங்க எத்தன நாள் தண்ணில போட்டு கலக்குனாலும் திரும்பிப் பால் ஆகாது. வெட்டுக்காரங்க சட்டையில பட்டு காஞ்சது சோப்பு தண்ணில போகவே போகாது, மண்ணெண்ணெய்ல ஊற வச்சாதான் ஊதிக்கிட்டு கொழகொழன்னு வரும், அதச் சுரண்டி எடுப்பாங்க. எண்ணெய்ச் சாமானுக்கு எண்ணெய்தான் சொந்தம், தண்ணி அத அண்டாது.

இத எதுக்குச் சொல்றேன்னா, தெளிவா இருந்தாத்தான் கரைஞ்சதுன்னு அர்த்தம். வெள்ளையா மங்கலா இருந்தா எதோ கரையாம மெதக்குதுன்னு அர்த்தம், பால் ஆகட்டும் உங்க தொங் ஆகட்டும். டேங்கில ஊத்துன பிறகு ஒரு கண்ணாடி கிளாஸ்ல மொண்டு வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்க, கிளாஸுக்குப் பின்னாடி உங்க விரல் ரேகை தெரியணும்.

இன்னொண்ணு. அந்தப் படிஞ்ச மாவ டிரேன்ல கொட்டாதீங்க, ஆத்துக்குப் போகும். எங்க காலத்துல செம்பனைக் கன்னுக்கு கிறிஸ்மஸ் தீவு ராக் பாஸ்பேட் (பாறைய அரைச்ச பாஸ்பேட் உரம்) போடுவோம். வாளித் தண்ணில போட்டா அதுவும் கரையாது, மண்ணு மாதிரி அடியிலதான் கெடக்கும். ஆனா நம்ம மண்ணு புளிப்பு மண்ணு, அந்தப் புளிப்புல வருஷக் கணக்கா கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு வேருக்குப் போகும். உங்க தொங்ல படிஞ்ச பாஸ்பேட்டும் அதே சாதிதான். மேல இருக்கிற கெட்டித் தண்ணிய எடுத்துட்டு, மாவ நல்ல தண்ணில ஒரு தடவ அலசி வாழைக்கும் தென்னைக்கும் தள்ளி வட்டமா தூவி விடுங்க.

சிப்புட்_மிளகா:

டீச்சர், ஐயா, அக்கா, அண்ணே, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா சொன்னத அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன், ராக் பாஸ்பேட்னு சொன்னதும் அவரே எந்திரிச்சு வந்து அந்த மாவக் கையில எடுத்துப் பாத்தாரு.

வினிகர் ஊத்திப் பாத்தேன். நொரைக்கல. ஒரு பங்கு மெதுவா மறைஞ்சுச்சு, பெரும்பங்கு அப்படியே இருக்கு. அப்ப பாஸ்பேட்டும் ஜிப்சமும் ரெண்டும்னு எடுத்துக்கிறேன். ஆனா இன்னொண்ணு பாத்தேன். ரொம்ப நாளா இருக்கிற பழைய டிரிப்பர் வாயில வெள்ளையா வளையம் மாதிரி இருக்கும், அதுலயும் ஒரு சொட்டு விட்டேன், அது சொய்ங்னு நொரைச்சுச்சு! அது எப்படி? நான் பாய்ச்சுறது கிணத்துத் தண்ணி.

இன்னும் ரெண்டு சந்தேகம். பி பாஜா கரைக்கும்போது தொங் வெளிப்பக்கம் ஐஸ் தண்ணி கிளாஸ் மாதிரி வேர்த்துருது, தொட்டா ஜில்லுன்னு இருக்கு, ஊத்துறது சாதா தண்ணிதான், ஏன் அப்படி? அப்புறம் போன மாசம் அப்பா சொன்னாருன்னு டேங்கில கொஞ்சம் யூரியா போட்டேன், கண்ணுக்கு முன்னாடி கரைஞ்சுச்சு, ஆனா ஈசி மீட்டர்ல ஒரு புள்ளி கூட ஏறல. இன்னும் கொஞ்சம் போட்டேன், அப்பவும் ஏறல. அதான் யூரியாவும் போலின்னு நெனச்சேன்.

கெமிஸ்ட்ரி_டீச்சர்_ஈப்போ:

யூரியாவத்தான் மொதல்ல சொல்லணும், அது அவசரம். இனிமே மீட்டர நம்பி யூரியா போடாதீங்க. ஈசி மீட்டர் தண்ணில எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு அளக்கிறது இல்ல, தண்ணில எவ்வளவு மின்சாரம் பாயுதுன்னு அளக்குது. உப்பு வகை எல்லாம் கரையும்போது பிளஸ் மைனஸ்னு ரெண்டா பிரியும், அதுதான் மின்சாரத்தக் கொண்டுபோகும். யூரியாவும் சீனியும் கரையும், ஆனா பிரியாது, முழுசாவே தண்ணில சுத்தும். அதனால மீட்டருக்கு யூரியா இருக்கிறதே தெரியாது. வேணும்னா ஒரு கிளாஸ் தண்ணில சீனியக் கரைச்சு மீட்டர விட்டுப் பாருங்க, ஏறவே ஏறாது. யூரியாவுல நூத்துக்கு 46 பங்கு நைட்ரஜன், மீட்டர் ஏறலன்னு மேல மேல போட்டா செடி இலையா தழைச்சு காய் கொறஞ்சுரும், இன்னும் கூடுனா வேர் கருகும். நல்ல வேளை ரெண்டு தடவையோட நிறுத்தினீங்க.

தொங் வேர்க்குறதுக்கு வர்றேன். ஒரு உப்புக் கட்டிய உடைக்கணும்னா சக்தி வேணும். உடைஞ்ச துண்டுகளத் தண்ணி வந்து சூழ்ந்துக்கும்போது கொஞ்சம் சக்தி திரும்பக் கெடைக்கும். பொட்டாசியம் நைட்ரேட்ல செலவு ஜாஸ்தி, வரவு கம்மி, அந்தக் குறைய தண்ணியோட சூட்டுல இருந்து எடுத்துக்குது, அதனால தண்ணி ஜில்லுன்னு ஆகுது. யூரியாவும் அப்படித்தான். நம்ம ஊர்க் காத்துல ஈரம் ஜாஸ்தி, ஜில்லுன்னு இருக்கிற தொங்கத் தொட்டதும் தண்ணியா வழியுது. பழுது ஒண்ணும் இல்ல. ஆனா ஜில்லுன்னு ஆனா பொட்டாசியம் நைட்ரேட் கரையுற அளவும் கொறையும்னு மேலயே சொன்னேன், அதனால பிய ஒரேயடியா கொட்டாம நாலு பங்கா போடுங்க, பி தொங்குக்கு மட்டும் வெதுவெதுப்பான தண்ணி கொஞ்சம் சேத்தா நல்லாவே உதவும். அங்க அக்கா யோசனை சரியான யோசனை.

டிரிப்பர் வளையம்! சுங்கை சிப்புட்னு சொன்னீங்க, பக்கத்துல சுண்ணாம்பு மலை இருக்கும். சுண்ணாம்பு சுத்தமான தண்ணில கரையவே கரையாதுன்னு சொல்லலாம். ஆனா மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்கிற கார்பன் டையாக்ஸைடப் பிடிச்சுக்கிட்டு லேசா புளிப்பாகுது, அது மலையைக் கரைச்சு எடுத்துக்கிட்டு வருது. கோப்பெங் பக்கம் குவா தெம்புரோங் போயிருக்கீங்களா, அவ்வளவு பெரிய குகையும் இப்படித் தண்ணி கரைச்சுப் போன எடம்தான். அதே தண்ணி உங்க கிணத்துக்கு வருது, பாக்கத் தெளிவாத்தான் இருக்கும். டிரிப்பர் வாயில சொட்டா நிக்கும்போது அந்த வாயு காத்துல போயிருது, தண்ணியும் ஆவியாகுது, சுண்ணாம்பு திரும்பிப் படியுது. குகைக்குள்ள மேல இருந்து தொங்குற கல்லும் உங்க டிரிப்பர் வளையமும் உண்டாகிற விதம் ஒண்ணுதான். கேத்தல் அடியில வெள்ளையா பிடிக்கிறதும் அதுவே, அங்க சூடு பட்டு வாயு போயிருது. பழைய டிரிப்பர வினிகர்ல ராத்திரி ஊற வச்சா போயிரும். ஜிப்சம் அடைச்சத வினிகர் ஒண்ணும் பண்ணாது, ஊசியும் தண்ணியும்தான், ரொம்ப அடைச்சிருந்தா மாத்திருங்க.

கிணத்துத் தண்ணின்னா பிஹெச்சும் (தண்ணியோட புளிப்பு அளவு, எண்ணு கொறைஞ்சா புளிப்பு கூடும்) பாருங்க தம்பி. டேங்கில 5.5ல இருந்து 6.5க்குள்ள வச்சுக்குங்க. 7க்கு மேல போனா நேர்த்தியா கலந்த தண்ணிலயே கால்சியமும் பாஸ்பேட்டும் சேந்து படிய ஆரம்பிச்சிரும்.

கோலகங்சார்_தோட்டக்காரன்:

கலக்குற வரிசை யாரும் சொல்லல, நான் சொல்லிடறேன். டேங்கில மொதல்ல தண்ணிய நிரப்பணும், முழுசுக்குக் கொஞ்சம் கீழ. 500 லிட்டர் டேங்கின்னா ஏ அஞ்சு லிட்டர் ஊத்தி நல்லா சுத்தி விடணும். அப்புறம்தான் பி அஞ்சு லிட்டர், வேற பக்கமா. ரெண்டையும் ஒரே எடத்துல ஒரே நேரத்துல ஊத்தக் கூடாது, ஊத்துற எடத்துல கெட்டியாத்தானே இருக்கும், அங்கேயே வெள்ளையா புகை மாதிரி கெளம்பும். அப்புறம் ஏக்கு ஒரு ஜக், பிக்கு ஒரு ஜக், மாத்தாதீங்க. நான் ஒரே ஜக்க வச்சு மொண்டுக்கிட்டு இருந்தேன், ஒரு மாசத்துல ஜக்குக்கு உள்ள வெள்ளையா ஓடு கட்டிருச்சு.

சிப்புட்_மிளகா:

அண்ணே சொன்ன வரிசைப்படியே நேத்து கலக்குனேன். புது தொங் வாங்கி சிவப்பு பெயிண்ட்ல "ஏ"ன்னு பெருசா எழுதிட்டேன், ஓட்டை தொங்க சிலிக்கான் வச்சு அடைச்சு அது "பி". ஏ ஊத்திச் சுத்தி விட்டு பத்து நிமிஷம் விட்டு பி ஊத்துனேன். ஐயா சொன்ன மாதிரி கண்ணாடி கிளாஸ்ல மொண்டு வெளிச்சத்துக்குப் பிடிச்சேன், அப்பா கிளாஸுக்குப் பின்னாடி அவரு விரல வச்சாரு, ரேகை தெரிஞ்சுச்சு. பிஹெச் 7.2 இருந்துச்சு, இன்னைக்கு அதக் கொறைக்கிறதுக்கு வாங்கிட்டு வரணும்.

கடைசி ரெண்டு வரிசையில 41 டிரிப்பர் மாத்தினோம். செடில ஆறேழு பூ கொட்டிருச்சு, மத்தபடி எல்லாம் நிமிந்துருச்சு. கடைக்காரர்கிட்ட பிஹெச் மருந்து வாங்கப் போகும்போது அவர் மேல சந்தேகப்பட்டத மனசுல வச்சுக்கிட்டுத்தான் போகணும், பாவம் அவருக்கு ஒண்ணும் தெரியாது.

கடைசியா ஒண்ணு டீச்சர், ஏ தொங் இப்ப வெயில்ல இருக்கு, பரவாயில்லையா?

கெமிஸ்ட்ரி_டீச்சர்_ஈப்போ:

வேணாம் தம்பி, நிழலுக்கு மாத்துங்க, மூடியும் போடுங்க. அந்த தே ஓ கலரு இரும்பு தனியா இல்ல, ஈடிடிஏன்னு ஒரு வேதிப்பொருள் அதப் பிடிச்சு வச்சிருக்கிறதாலதான் கரைஞ்சு நிக்குது. வெயில் பட்டா அந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமா உடையும், அப்புறம் இரும்பு துரு மாதிரி பழுப்பா அடியில படியும். வெளிச்சம் உள்ள போகாத கறுப்பு தொங்னா இன்னும் நல்லது.